ஐஇஎல்டிஎஸ் வேண்டாம் என்று சொல்வது யார்?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 28 வயதுப் பெண். பள்ளிப் படிப்பு முழுக்கத் தாய்மொழி வழியில். அப்புறம் உயிரித் தொழில்நுட்பத்தில் நான்காண்டுப் பட்டம், ஆங்கில வழியில், 78 சதவீத மதிப்பெண். ஆறு வருடங்களாக ஓர் ஆய்வகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசை. முழு உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும், கைக்காசு போட்டுப் படிக்க வழியில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டார். இரண்டு தடவையும் மொத்தம் 6.5 வந்தது, எழுத்துப் பகுதியில் மட்டும் 5.5. கடைசியாக எழுதி எட்டு மாதம் ஆகிறது, மறுபடி எழுத மனமில்லை. 'ஐஇஎல்டிஎஸ் இல்லாத ஸ்காலர்ஷிப்' என்று நாற்பது பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். அப்படி உண்மையிலேயே உண்டா, உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று புரியவில்லை. இதற்கிடையே ஓர் ஏஜெண்ட், பட்டத்தை ஆங்கிலத்திலேயே படித்ததாகக் காட்டும் ஆங்கில வழிச் சான்றிதழும் ஜெர்மனியில் '100 சதவீத ஸ்காலர்ஷிப்' சீட்டும் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார். கல்லூரி அலுவலகமோ சான்றிதழ் கேட்டால் இழுத்தடிக்கிறது. கடைசியாக ஒரு கேள்வி: பள்ளி இறுதி ஆண்டில் இருக்கும் தம்பிக்கும் இப்படி ஏதாவது வழி உண்டா?

பதில்

வணக்கம். முதல் கேள்விக்கு நேரான பதில்: உண்டு. ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் நாற்பதில் பெரும்பாலானவை உங்களுக்கு உதவாது. பட்டியல் போட்டவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, பாதியைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் ஒருவரிடம் ஆங்கிலத்துக்கு ஆதாரம் கேட்கக் கூடியவர்கள் மூன்று பேர். உதவித்தொகை தருபவர், சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம், விசா தரும் அரசு. 'ஐஇஎல்டிஎஸ் வேண்டாம்' என்று எங்கே பார்த்தாலும், இந்த மூவரில் அதைச் சொல்வது யார் என்று பாருங்கள். மற்ற இருவரும் அதே பதிலைச் சொன்னால்தான் அந்தத் திட்டம் உங்களுக்கு ஆகும்.

பிரிட்டனின் செவெனிங் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். உங்கள் பட்டியலிலும் அது இருக்கிறது. செவெனிங் தன் பங்குக்கு இப்போது ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எதையும் கேட்பதில்லை. ஆனால் தேர்வான பிறகு, குறித்த தேதிக்குள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையில்லாத சேர்க்கைக் கடிதம் வாங்கிக் காட்ட வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் ஐஇஎல்டிஎஸ் கேட்டால், சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்பீர்கள். விசாவில் மட்டும் ஒரு நல்ல விஷயம் உண்டு. பட்டப்படிப்பு நிலையிலும் அதற்கு மேலும், முறையான அனுமதி பெற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் மாணவரின் ஆங்கிலத்தைத் தானே மதிப்பிட்டு உறுதி சொல்லலாம். அதனால் அங்கே எல்லாமே பல்கலைக்கழகத்தின் கையில். வேலை அனுபவமாகக் குறைந்தது 2,800 மணி நேரம் கேட்கிறார்கள், அது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் மனதில் வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மூன்றாவது ஆளான அரசுதான் கறார். பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்தாலும், மாணவர் விசாவுக்குத் தேர்வு மதிப்பெண் காட்ட வேண்டும். 2024 மார்ச் முதல் ஐஇஎல்டிஎஸ் கணக்கில் அது 6.0. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும், இவை போன்ற சில நாடுகளில் ஐந்து ஆண்டு ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கும்தான் பொதுவாக விலக்கு. வேறு நாட்டில் ஆங்கில வழியில் பட்டம் பெற்றது இந்தக் கணக்கில் வராது. எனவே 'ஐஇஎல்டிஎஸ் இல்லாமல்' என்ற பட்டியலில் இருக்கும் ஆஸ்திரேலியப் பெயர்களை இப்போதே அடித்துவிடலாம், உங்கள் 6.5-ஐக் காட்டிப் போவது தனிக் கணக்கு. கனடாவில் நிலைமை வேறு. தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்ட எஸ்டிஎஸ் என்ற விரைவு விசா வழியை 2024 நவம்பர் 8-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். சாதாரண வழியில் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பதே முக்கியம்.

உங்களுக்குப் பொருந்தக் கூடியவை

உங்கள் வயது, மதிப்பெண், துறை மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் முதலில் சொல்வது ஜப்பான். அங்கே அரசு தரும் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும் பிரிவு ஒன்று உண்டு. அதில் ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு எதுவும் கட்டாயமில்லை. வயது 35-க்குள் இருந்தால் போதும். கல்விக் கட்டணம் கிடையாது, போய்வர விமான டிக்கெட் தருகிறார்கள், முதுகலை மாணவருக்கு மாதம் 1,44,000 யென் கிடைக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் திறக்கும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை.

தேர்வே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தூதரகத்திலேயே எழுத்துத் தேர்வு வைப்பார்கள், அதில் ஆங்கிலமும் ஜப்பானியமும் உண்டு. அப்புறம் நேர்காணல். ஆனால் நீங்கள் பயப்படும் வகைக் கட்டுரைத் தேர்வு அல்ல அது, இலக்கணமும் வாசித்துப் புரிந்துகொள்வதும்தான் பெரும்பகுதி. உங்கள் கவனம் முழுக்க ஆய்வுத் திட்டத்தில் இருக்கட்டும். 'உயிரித் தொழில்நுட்பத்தில் உயர்கல்வி பெற்று நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்று எழுதினால் அங்கேயே கதை முடிந்துவிடும். ஆறு வருடமாக ஒரே வகை மாதிரிகளைச் சோதித்து வருகிறீர்கள். எந்தச் சோதனையில் முடிவு அடிக்கடி பிசகுகிறது, ஏன் பிசகுகிறது, அதைச் சரிசெய்ய என்ன செய்து பார்க்கலாம் என்பது கல்லூரியிலிருந்து நேராக வரும் ஒருவருக்குத் தெரியாது. அதுதான் உங்கள் திட்டம். அந்தத் துறையில் வேலை செய்யும் பேராசிரியர்களைத் தேடி, அவர்கள் கட்டுரை இரண்டைப் படித்துவிட்டு எழுதுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தூதரகத் தேர்வில் வென்ற பிறகு பல்கலைக்கழகத்தின் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சில பல்கலைக்கழகங்கள் ஆங்கில ஆதாரம் கேட்கும். எவை ஆங்கில வழிச் சான்றிதழை ஏற்கின்றன என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து துருக்கி. துர்கியே புர்ஸ்லாரி என்ற அரசுத் திட்டத்துக்கு முதுகலையில் வயது 30-க்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் 75 சதவீதமாவது வேண்டும். இரண்டிலும் நீங்கள் தேறுகிறீர்கள், ஆனால் வயதில் அதிக அவகாசம் இல்லை. பொதுவாக ஆங்கிலத் தேர்வு கேட்பதில்லை. ஏன் தெரியுமா? பெரும்பாலானோர் ஓர் ஆண்டு துருக்கி மொழி படித்துவிட்டு, அந்த மொழியிலேயே பட்டம் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த ஆங்கிலச் சான்றைக் கேட்கும். 'தேர்வு இல்லாத ஸ்காலர்ஷிப்' பலவற்றில் யாரும் வெளிச்சம் போட்டுக் காட்டாத இடம் இது. ஆங்கிலத் தேர்வு எழுதாமல் தப்பிக்கிறோம், அதற்குப் பதில் புதிய மொழி ஒன்றில் முதுகலையே எழுதப் போகிறோம்! சிலருக்கு அது சாகசம், சிலருக்குச் சுமை. நீங்கள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். ரஷ்ய அரசின் உதவித்தொகையும் இதே போலத்தான், ரஷ்ய மொழிக்கு முன்தயாரிப்பு ஆண்டு உண்டு.

கொரியாவின் ஜிகேஎஸ் திட்டத்திலும் மொழித் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை, வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. போனதும் ஓர் ஆண்டு கொரிய மொழிப் பயிற்சி, டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை எட்டினால்தான் பட்டப்படிப்பு. ஆனால் மதிப்பெண் 80 சதவீதம் கேட்கிறார்கள். உங்கள் 78 இடிக்கிறது. கல்லூரி ரேங்க் சான்றிதழ் தந்து, அதில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

சீன அரசின் உதவித்தொகைக்கு மொழி ஆதாரம் என்ன என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைகளுக்குப் பல இடங்களில் ஆங்கில வழிச் சான்றிதழும் ஒரு காணொளி நேர்காணலும் போதும். கட்டணம், தங்குமிடம் போக மாதம் 3,000 யுவான் தருகிறார்கள். ஹங்கேரியின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகும் திட்டமும் அப்படித்தான், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும். அங்கே கட்டணம் இல்லையே தவிர, முதுகலைக்கு மாத உதவி 43,700 ஃபோரிண்ட்தான். அதை மட்டும் நம்பி வாழ முடியாது. சொந்தப் பணம் இல்லை என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. இத்தாலியில் பிராந்திய அரசுகள் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் டிஎஸ்யு உதவித்தொகை உண்டு. அதற்கு ஆங்கில மதிப்பெண்ணுக்கு வேலையே இல்லை, சேர்க்கைக்குத்தான் பல்கலைக்கழகம் ஆதாரம் கேட்கும். குறைந்த வருமானமுள்ள குடும்பத்தவர் கட்டாயம் பார்க்க வேண்டியது அது. ஆனால் சேர்க்கைக்குத் தனியாகவும் உதவித்தொகைக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது தேதியைத் தவறவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஐரோப்பாவின் இராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைகளையும் விட்டுவிடாதீர்கள். மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். ஒவ்வொரு படிப்பும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஒன்றில் ஐஇஎல்டிஎஸ் கட்டாயம், இன்னொன்றில் ஆங்கில வழிச் சான்றிதழ் போதும். இதில் குறுக்கு வழி கிடையாது, ஒவ்வொன்றின் பக்கமாகத் திறந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

எம்ஓஐ லெட்டர் என்ற ஆங்கில வழிச் சான்றிதழ்

நீங்கள் தாய்மொழி வழிப் பள்ளியில் படித்ததால் இந்தச் சான்றிதழ் செல்லாதோ என்று கவலைப்படுகிறீர்கள். முதுகலைக்குப் போகிறவரிடம் பெரும்பாலும் கடைசிப் பட்டம் எந்த மொழியில் என்றுதான் கேட்பார்கள். உங்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் பட்டம் முடித்து ஆறு வருடம் ஆகிறது. சில பல்கலைக்கழகங்கள், குறிப்பாகப் பிரிட்டனில், இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்த பட்டத்தையே இதற்கு ஏற்கின்றன. கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

கல்லூரி இழுத்தடிப்பது பல நேரம் வேண்டுமென்றே அல்ல, என்ன எழுதித் தருவது என்று அலுவலகத்துக்கே தெரியாது. கேட்டால் 'இவர் இங்கே படித்தார், நன்னடத்தை உடையவர்' என்று பழைய படிவத்தில் ஒரு வரி தட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நீங்களே டிராஃப்ட் தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். அதில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பதிவெண், பட்டத்தின் பெயர், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். பிறகு இந்த ஒரு வாக்கியம்: 'இப்படிப்பின் முழுக் காலத்திலும் கற்பித்தல், பாடநூல்கள், தேர்வுகள், ஆய்வறிக்கை ஆகிய அனைத்தும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன.' கீழே கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, தேதி, முத்திரை. கூடவே கல்லூரியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரி, சரிபார்க்க அங்கேதான் எழுதுவார்கள். ஜிமெயில் முகவரி இருந்தால் சந்தேகப்படுவார்கள். லெட்டர்ஹெட்டில் மூன்று பிரதி வாங்கி வையுங்கள். கல்லூரியின் கையெழுத்தே போதுமா, அது இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் பதிவாளர் கையெழுத்து வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள். போவதற்கு முன் உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பயிற்று மொழி ஆங்கிலம் என்று அங்கேயே அச்சிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது 'ஐஇஎல்டிஎஸ் இல்லாமல் சேர்ப்பீர்களா' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். என் பட்டம் இந்த ஆண்டுகளில், இந்த நிறுவனத்தில், முழுக்க ஆங்கிலத்தில் முடித்தது. இதற்கான சான்றிதழை இந்தப் படிப்புக்கு ஏற்பீர்களா. ஏற்காவிட்டால் உங்கள் சொந்தத் தேர்வோ நேர்காணலோ உண்டா. உதவித்தொகைக்கும் இதே ஆதாரம் போதுமா? இவ்வளவுதான். வரும் பதிலை அழிக்காமல் வையுங்கள், பிறகு விண்ணப்பத்தோடு இணைக்க உதவும்.

அந்த ஏஜெண்ட்

முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ரசீதை வைத்திருங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது, சில மாநிலங்களிலும் சில பல்கலைக்கழகங்களிலும் மட்டும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. எல்லோருக்கும் இலவசமாக இருப்பதைத்தான் '100 சதவீத ஸ்காலர்ஷிப்' என்று உங்களிடம் விற்கப் பார்க்கிறார். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அதில் ஒரு யூரோ கிடையாது. மாறாக, விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவுக்கான பணம் உங்களிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். இந்தப் பணத்தைப் பூட்டி வைக்கும் முடக்கக் கணக்கில் போடும் தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. அவர் இதைச் சொன்னாரா?

சான்றிதழை 'வாங்கித் தருகிறேன்' என்பது இன்னும் ஆபத்து. உங்கள் கல்லூரி தர வேண்டியதை வெளியாள் எப்படித் தருவார்? போலி என்று தெரியவந்தால் தண்டனை உங்களுக்குத்தான், அவருக்கு அல்ல. பொய்யான ஆவணம் கொடுத்தவரைக் கனடா ஐந்து ஆண்டுகள் உள்ளே விடாது. பிரிட்டனில் பத்து ஆண்டுகள் வரை விசா மறுக்கலாம். நான் மேலே சொன்ன ஜப்பான், துருக்கி, ஹங்கேரி, செவெனிங் எதற்கும் உதவித்தொகை விண்ணப்பக் கட்டணம் கிடையாது. சில சீனப் பல்கலைக்கழகங்கள் மட்டும் சேர்க்கைக்குச் சிறு கட்டணம் வாங்கும், அதுவும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகப் போகும்.

அந்த 5.5 பற்றி

இதைச் சொன்னால் வருத்தப்படுவீர்களோ தெரியாது, ஆனாலும் சொல்ல வேண்டும். தேர்வைத் தவிர்க்கலாம், எழுத்தைத் தவிர்க்க முடியாது. நோக்கக் கட்டுரை, ஆய்வுத் திட்டம், போன பிறகு ஆய்வறிக்கை எல்லாமே எழுத்துதான். எனவே தேர்வு எழுதப் போகிறீர்களோ இல்லையோ, வாரம் இரண்டு பக்கம் உங்கள் துறையைப் பற்றி எழுதி, நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள். ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவும் அப்படியே உருவாகிவிடும்.

தேர்வுக் கதவையும் அடியோடு சாத்த வேண்டாம். மற்ற பகுதிகளில் நன்றாக வாங்கி ஒரு பகுதியில் மட்டும் இடறியவர்களுக்காக, ஐஇஎல்டிஎஸ்ஸில் அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி வந்திருக்கிறது. கணினியில் எழுதியவர்களுக்கு மட்டும், முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள். எல்லா மையங்களிலும் இல்லை, எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. உங்கள் பழைய தேர்வுக்கு இந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் மூன்றாவது முறை எழுத நேர்ந்தால் இந்த வசதி உள்ள மையமாகப் பாருங்கள். அமெரிக்காவிலும் வேறு பல இடங்களிலும் டூயோலிங்கோ ஆங்கிலத் தேர்வை ஏற்கிறார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம், கட்டணமும் வெகுவாகக் குறைவு. இன்னொன்று: உங்களிடம் இப்போது இருக்கும் மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். மொத்தம் 6.5 என்பது குப்பையில் போடும் மதிப்பெண் அல்ல. தனித்தனிப் பகுதிக்கு வரம்பு வைக்காமல் மொத்தத்தை மட்டும் பார்க்கும் படிப்புகளும் உண்டு. 'ஐஇஎல்டிஎஸ் இல்லாமல்' என்று தேடுவதோடு, '6.5 போதும்' என்கிற படிப்புகளையும் தேடிப் பாருங்கள்.

தம்பிக்கு

அவனுடைய கணக்கு உங்களுடையதற்கு நேர் எதிர். தாய்மொழி வழியில் படித்தவனுக்கு ஆங்கில வழிச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் முதல் ஆண்டு மொழி கற்றுத் தரும் திட்டங்கள் அவனுக்குத்தான் அதிகம் பொருந்தும். பதினேழு, பதினெட்டு வயதில் புதிய மொழி சீக்கிரம் பிடிபடும், நான்காண்டுப் பட்டத்துக்கு முன்னால் ஓர் ஆண்டு பெரிய விலையும் அல்ல. ஜப்பானின் இளநிலைப் பிரிவில் ஓர் ஆண்டு ஜப்பானிய மொழிப் பயிற்சி உண்டு. ஆனால் அறிவியல் பக்கம் போகிறவனுக்குத் தூதரகத் தேர்வில் கணிதமும் இரண்டு அறிவியல் பாடங்களும் கடினமாக இருக்கும், இப்போதிருந்தே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கட்டும். கொரியாவின் இளநிலைத் திட்டத்துக்கு வயது 25-க்குள் இருக்கலாம், விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில் வரும். துருக்கிக்கு இளநிலையில் 21 வயதுக்குள் இருக்க வேண்டும், 70 சதவீதம் போதும், மருத்துவம் என்றால் 90. பள்ளி இறுதி ஆண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

துருக்கியின் விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை திறந்திருக்கும். உங்கள் முதுகலை விண்ணப்பத்துக்கும் அதே தேதிகள்தான், இருவரும் ஒரே வாரத்தில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.